நன்றாக ஆடுபவர் ஏன் பாதி இரவுகளில் தோற்கிறார்?

போக்கரில் ஓர் இரவின் வரவு செலவை வைத்து யார் நன்றாக ஆடுகிறார் என்று சொல்ல முடியாது. ஒரு மாதத்துக் கணக்கை வைத்தும் சொல்ல முடியாது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஏதோ ஒரு மாடி அறையில் சனிக்கிழமை இரவுதோறும் ஆறேழு நண்பர்கள் கூடி ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்திலேயே நிதானமாக ஆடும் கணக்கு வாத்தியார் எழுநூறு ரூபாயை விட்டுவிட்டு வாசலில் செருப்பைத் தேடுவார். கையில் எது வந்தாலும் பணத்தை நடுவே தள்ளும் மருந்துக் கடைக்காரர் சட்டைப்பை நிறைய நோட்டோடு கிளம்புவார். “அவருக்குக் கைராசி” என்று மற்றவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கைராசி எவ்வளவு பெரியது என்பதை ரூபாயிலேயே கணக்கிட முடியும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: டெக்சஸ் ஹோல்டெம் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, பிறர் பார்க்காமல். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக விரியும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டவருக்குப் பணம். ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் இருவர் கட்டாயமாகச் சிறு தொகை வைக்க வேண்டும். இருவரில் அதிகம் வைப்பவர் தர வேண்டியது இங்கே பத்து ரூபாய். நடுவில் எந்தக் கட்டத்திலும் ஒருவர் தன்னிடமுள்ள மொத்தப் பணத்தையும் தள்ளலாம்.

வீட்டு ஆட்டத்தில் கிளப்பைப் போல யாரும் கமிஷன் எடுப்பதில்லை. ஒருவர் விட்டதைத்தான் இன்னொருவர் எடுக்கிறார். எல்லோருடைய வரவையும் செலவையும் கூட்டினால் பூஜ்யம். டீ, பஜ்ஜிச் செலவு மட்டும் வீட்டுக்காரர் தலையில்.

இனிக் கணக்குக்கு வருவோம். மணிக்கு 25 ஆட்டம், நான்கு மணி நேரம். ஓர் இரவுக்கு 100 ஆட்டம். வாத்தியாரின் திறமையால் அவருக்கு இரவுக்குச் சராசரியாக 100 ரூபாய் கிடைக்க வேண்டும் என்று கொள்வோம். நண்பர்கள் மேசையில் இது தாராளமான மதிப்பீடு. ஆனால் சராசரியைச் சுற்றி முடிவுகள் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் புள்ளியியலில் திட்ட விலக்கம் என்பார்கள். இந்த வகை ஆட்டத்தில் 100 ஆட்டங்களுக்கு அது பெரிய கட்டாயத் தொகையைப் போல 80 முதல் 100 மடங்கு வரை இருப்பது வழக்கம். 90 மடங்கு என்று எடுத்தால் 900 ரூபாய். வாத்தியாரின் திறமை 100 ரூபாய், அதிர்ஷ்டத்தின் ஆட்டம் 900 ரூபாய்! இந்த இரண்டு எண்களிலிருந்து அவர் ஓர் இரவில் நஷ்டத்தோடு வீடு திரும்பும் வாய்ப்பு கிட்டத்தட்ட 46 சதவீதம் என்று வருகிறது. நாணயத்தைச் சுண்டினால் 50.

அப்படியானால் திறமைக்கு என்ன வேலை? அது மெதுவாகத்தான் வெளியே வரும். இரவுகள் கூடக்கூடச் சராசரி வரவு நேராகப் பெருகும். ஏற்ற இறக்கமோ இரவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின்படிதான் பெருகும். நான்கு இரவு ஆடினால் எதிர்பார்க்கும் வரவு நான்கு மடங்கு, ஏற்ற இறக்கம் இரண்டே மடங்கு. அதிர்ஷ்டத்தை முந்திக்கொண்டு திறமை ஓடத் தொடங்குவது இப்படித்தான், ஆனால் ஆமை வேகத்தில். 52 சனிக்கிழமைகள் முடிந்தபின் எதிர்பார்க்கும் வரவு 5,200 ரூபாய், ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 6,500. ஒரு வருடம் விடாமல் நன்றாக ஆடியும் மொத்தத்தில் நஷ்டப்படும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. இரண்டும் சமமாவது 81ஆவது இரவில். நஷ்ட வாய்ப்பு சுமார் 2.3 சதவீதமாக இறங்க 324 சனிக்கிழமைகள் வேண்டும். ஆறு வருடத்துக்கும் மேல்! அதற்குள் கூட்டத்தில் இருவர் வெளிநாடு போயிருப்பார்கள், ஒருவர் மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருப்பார்.

இந்த ஏற்ற இறக்கம் ஏன் இவ்வளவு பெரிது? நமக்குப் பழக்கமான ரம்மியோடு ஒப்பிட்டால் விளங்கும். பதின்மூன்று சீட்டு ரம்மியில் எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் வழக்கமாக 80 புள்ளிகளோடு நின்றுவிடும். மேல்வரம்பு இல்லாத போக்கரில் ஒரே ஆட்டத்தில் முன்னால் இருக்கும் பணம் அத்தனையும் போகலாம். இரண்டு ஏஸ் வைத்திருப்பவரும் இரண்டு ராஜா வைத்திருப்பவரும், பொதுச்சீட்டு விரியும் முன்பே எல்லாப் பணத்தையும் தள்ளினால் ஏஸ்காரர் ஜெயிக்கும் வாய்ப்பு 82 சதவீதம்தான். மீதி 18, ஐந்துக்கு ஒன்றை நெருங்குகிறது.

திறமையா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்களும் கேட்டிருக்கின்றன. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும் என்பதைச் சுட்டி, ரம்மியைத் திறமை மேலோங்கிய ஆட்டம் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாக வகைப்படுத்திய தமிழ்நாட்டுச் சட்டத்தின் அட்டவணையை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2025இல் வந்த மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் வைத்து ஆடுவதையே தடை செய்துவிட்டது. என்னைக் கேட்டால் கேள்வியே அரைகுறையானது. எத்தனை ஆட்டம் என்று சேர்த்துக் கேட்காதவரை அதற்குப் பதில் கிடையாது. ஓர் இரவுக்குப் போக்கர் அதிர்ஷ்டம். பத்தாண்டுக்கு அதே போக்கர் திறமை.

திறமை என்பது எங்கே ஒளிந்திருக்கிறது? ஓர் உதாரணம். மருந்துக் கடைக்காரரிடம் நான்கு ஸ்பேட் சேர்ந்துவிட்டது. ஐந்தாவது வந்தால் ஐந்தும் ஒரே இனமான ஃப்ளஷ், பணம் அவருக்கு. இன்னும் ஒரு சீட்டுதான் பாக்கி. அவர் பார்த்த சீட்டு ஆறு, பார்க்காதவை 46, அவற்றில் ஸ்பேட் ஒன்பது. வாய்ப்பு 19.6 சதவீதம். நடுவில் 300 ரூபாய் கிடக்கிறது. எதிரில் இருக்கும் வாத்தியார், தன்னிடம் மிச்சமிருந்த 300 ரூபாயையும் வைக்கிறார். ஆட்டத்தில் தொடரக் கடைக்காரரும் 300 கொடுக்க வேண்டும். கொடுத்தால் 600 வெல்லலாம். இது நஷ்டமில்லாமல் அமைய மூன்றில் ஒரு முறையாவது ஸ்பேட் வர வேண்டும். வருவதோ ஐந்தில் ஒரு முறை. கணக்குப் போட்டால் இப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அவருக்குச் சராசரியாக 124 ரூபாய் நஷ்டம். வாத்தியார் 300 வைக்காமல் 100 மட்டும் வைத்திருந்தால் தேவைப்படும் வாய்ப்பு 20 சதவீதம். கிட்டத்தட்ட சரிக்குச் சரி. அதே சீட்டுதான், விலைதான் வேறு. நல்ல ஆட்டக்காரர் கவனிப்பது அந்த விலையை.

கடைக்காரர் இதைக் கற்றுக்கொள்ளாததற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்தில் ஒரு முறை ஸ்பேட் வந்து, மேசையே அதிரும் சத்தத்தில் 900 ரூபாயை அள்ளிக்கொள்கிறார். அதுதான் நினைவில் நிற்கும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத இரைக்காகப் புறாக்கள் சலிக்காமல் கொத்திக்கொண்டே இருந்ததை ஸ்கின்னர் என்ற உளவியலாளர் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்.

பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வியைத்தான் 1654இல் பிரெஞ்சுக் கணித மேதைகள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்களில் அலசினார்கள். நிகழ்தகவுக் கணிதம் பிறந்த இடம் அது. அவர்கள் சொன்ன விடை எளிது: இதுவரை நடந்ததைப் பார்க்காதே, இனி நடக்கக்கூடியவற்றில் ஒவ்வொருவரும் எத்தனை வழிகளில் வெல்வார் என்று எண்ணு. ஏஸும் ராஜாவும் மோதி 4,000 ரூபாய் நடுவில் கிடக்கும்போது கரண்ட் போய் ஆட்டம் கலைந்தால், ஏஸ்காரருக்கு 3,280, ராஜாக்காரருக்கு 720.

இதே யோசனையின் மறுவடிவம்தான் சில வீடுகளில் பொதுச்சீட்டை இரண்டு தடவை விரிக்கும் வழக்கம். தடவைக்குப் பாதிப் பணம். ஏஸ்காரரின் சராசரி அதே 3,280தான், ஒரு பைசா கூடாது, குறையாது. ஆனால் மொத்தத்தையும் இழக்கும் வாய்ப்பு 18 சதவீதத்திலிருந்து சுமார் 3 சதவீதமாகச் சரிந்துவிடும். நண்பர்களுக்குள் ஆடும்போது இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் எண்ணம்.

சரியாகச் செய்தும் தோற்றவர்களில் புதுச்சேரிக்குச் சொந்தமான ஒருவர் உண்டு. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, வெள்ளி கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1761இல் இங்கே வந்துகொண்டிருந்தபோது ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட, கப்பலிலேயே அந்த நாள் கழிந்தது. அடுத்த கடப்புக்காக எட்டு வருடம் காத்திருந்தார். 1769 ஜூன் மாதம், கருவிகளோடு புதுச்சேரியில் தயாராக இருந்தார். முந்தைய நாட்களில் தெளிவாக இருந்த காலை வானம், அன்று மேகமாகிவிட்டது. அவர் போட்ட கணக்கில் பிழை எதுவும் இல்லை.

அப்படியானால் யார் நன்றாக ஆடுகிறார் என்று அறிய நோட்டுப் புத்தகத்தில் என்னதான் எழுதுவது? ஜெயித்த தொகையை எழுதாமல், பணம் முழுவதும் நடுவே போன நொடியில் யாருக்கு எத்தனை சதவீதம் இருந்தது என்று எழுதலாம். நடுவில் கிடந்த 4,000 ரூபாயைக் கோட்டைவிட்ட ஏஸ்காரரின் பெயருக்கு நேரே 3,280 என்று பதிவாகும். இதனால் அதிர்ஷ்டத்தின் ஒரு பகுதிதான் கழியும். ஒருவருக்கு இரண்டு ஏஸ் வருவது சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒரு முறை, அதாவது இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு தடவைகூட இல்லை. அது வந்த நேரத்தில் எதிரில் இருப்பவருக்கு ராஜா ஜோடி வந்ததா, அல்லது எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்க எழுந்தார்களா என்பதை எந்தப் பதிவேட்டாலும் திருத்த முடியாது. அந்தப் பகுதி கரைய ஆட்டங்களின் எண்ணிக்கைதான் கூட வேண்டும்.