குறுக்கீடு: கன்ட்ரோல்-சி அழுத்தும்போது நடப்பதற்கு ஏற்ற தமிழ்ச் சொல்

கட்டளை வரியில் ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்த கன்ட்ரோல்-சி அழுத்துகிறோம். இதை ஆங்கிலத்தில் இன்டரப்ட் என்பார்கள். தமிழில் குறுக்கீடு, இடைமறிப்பு, இடையூறு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) செருகுநிரல்களைப் பற்றி, அதாவது அதற்குக் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்களைப் பற்றி, தெளிவாக எழுதவே முடியாது.

இன்டரப்ட் லத்தீன் வழி வந்த சொல். 'இன்டர்' என்றால் இடையே, 'ரும்பெரே' என்றால் உடைத்தல். கணினியில் முதலில் வன்பொருளுக்குத்தான் இந்தப் பெயர் வந்தது: ஏதோ ஒரு சாதனம், செயலி (ப்ராசஸர்) செய்துகொண்டிருக்கும் வேலைக்கு நடுவே புகுந்து தன்னைக் கவனிக்க வைப்பது. யூனிக்ஸ் இயக்குதளத்தில் அதே பெயர் ஒரு சிக்னலுக்கும், அதாவது ஓடும் நிரலுக்கு அனுப்பும் ஒரு சிறு அறிவிப்புக்கும், போனது. அதுதான் சிக்இன்ட், எண் 2.

கன்ட்ரோல்-சி என்பது, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் எண் 3 கொண்ட எழுத்து. வழக்கமான நிலையில் அந்த எழுத்து நிரலின் கைக்கே போய்ச் சேராது. முனையத்தை (கட்டளை தட்டும் சாளரத்தை) கவனிக்கும் கெர்னல் பகுதி, அதாவது இயக்குதளத்தின் மையப் பகுதி, அதை வழியிலேயே எடுத்துக்கொண்டு, முன்னணியில் ஓடும் செயல்முறைக் குழு (ஒன்றாக ஓடும் நிரல்களின் தொகுதி) முழுவதற்கும் சிக்இன்ட் அனுப்புகிறது. ஒன்றின் வெளியீடு அடுத்ததற்குப் போகும்படி பைப் போட்டு மூன்று நிரல்களை இணைத்திருந்தால் மூன்றுக்கும் போகும். சிக்னலுக்குச் சமிக்ஞை, குறிகை என்று இரண்டு சொற்கள் உண்டு. சமிக்ஞை வடமொழி வழி வந்தது, பலருக்கும் பழகியது. குறிகை 'குறி' என்ற வேரிலிருந்து வந்தது, எழுதவும் எளிது. நான் குறிகையையே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து நடப்பதற்குத்தான் இன்னொரு சொல் வேண்டும். வந்த குறிகையை நிரல் தானே பிடித்து, தன் விருப்பப்படி ஏதாவது செய்யலாம். ஷெல்லில் இதற்கு உள்ள கட்டளை ட்ராப். 1979இல் வந்த யூனிக்ஸ் 7ஆம் பதிப்பில் இருந்த போர்ன் ஷெல் என்ற ஷெல்லிலேயே இது இருந்தது. ட்ராப் என்றால் பொறி, எலிப்பொறியில் வரும் அதே பொறி. ஆனால் தமிழில் பொறிக்கு இயந்திரம், தீப்பொறி, ஐம்பொறி என்று வேறு பொருள்களும் இருப்பதால், தனியாக நின்றால் தடுமாற வைக்கும். போகிறவரை வழியில் நிறுத்துவதை 'இடைமறித்தல்' என்கிறோமே, ட்ராப் செய்வது அதைத்தான். ஆகவே வருவது குறுக்கீடு, அதை எதிர்கொள்வது இடைமறிப்பு. இன்டரப்டையே இடைமறிப்பு என்று எழுதினால் இந்த இரண்டாவது செயலுக்குச் சொல் இல்லாமல் போய்விடும். இயற்பியல் பாடத்தில் ஒளியின் குறுக்கீட்டு விளைவு என்று படித்திருப்போம். அது வேறு பொருள்தான், ஆனால் இடம் பார்த்தாலே புரிந்துவிடும். இடையூறு இங்கே வேண்டாம். அது தொல்லை என்ற பொருளைக் கூடவே கொண்டுவருகிறது. பயனர் தெரிந்தே கொடுத்த ஆணையைத் தொல்லை என்பது சரியில்லை.

இப்போது செருகுநிரலுக்கு வருவோம். பெரும்பாலான ஷெல் செருகுநிரல்கள் தனிச் செயல்முறையாக ஓடுவதில்லை. நீங்கள் தட்டச்சு செய்யும் அதே ஷெல்லுக்குள் ஏற்றப்படுகின்றன. ஒரு செருகுநிரல் தகவல் தேடும்போது கர்சரை மறைத்துவிட்டு, சுழலும் குறி ஒன்றைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் வேலை நின்றுவிடும். கர்சரைத் திரும்பக் காட்டும் வரி கடைசியில் இருப்பதால் ஓடவே ஓடாது. அப்புறம் நீங்கள் தட்டுவது எங்கே விழுகிறது என்றே தெரியாது. இதற்காக ட்ராப் போடுகிறார்கள். போட்டுவிட்டு எடுக்க மறந்தால் அது அந்த ஷெல் மூடும் வரை நிற்கும். பயனர் முன்பே வைத்திருந்த ட்ராப்பும் அழிந்துபோகும்.

இசட்-ஷெல் (zsh) என்ற ஷெல்லில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. ஃபங்ஷனுக்குள் லோக்கல்-ட்ராப்ஸ் என்ற அமைப்பை இயக்கிவிட்டு இடைமறித்தால், ஃபங்ஷன் முடியும்போது பழைய ட்ராப் தானாகத் திரும்பிவிடும். ட்ராப்இன்ட் என்ற பெயரில் ஃபங்ஷன் எழுதினால், அது திருப்பித் தரும் எண்ணையும் கவனிக்க வேண்டும். 0 தந்தால் 'நான் பார்த்துக்கொண்டேன்' என்று பொருள், ஷெல் தொடர்ந்து ஓடும். நிறுத்தச் சொன்ன பயனருக்கு அது நியாயமில்லை. கர்சரை மீட்டுவிட்டு, 128உடன் குறிகை எண்ணைக் கூட்டித் தருவதே முறை. 128உம் 2உம் சேர்ந்து 130. குறுக்கீட்டால் முடிந்த கட்டளைக்கு ஷெல் காட்டும் நிலை எண்ணும் (எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) இதுதான். ஆகவே பிராம்ப்டை (கட்டளைக்காகக் காத்திருக்கும்போது ஷெல் காட்டும் வரியை) அலங்கரிக்கும் செருகுநிரல் 130ஐப் பார்த்ததும் பிழை என்று சிவப்பில் காட்டக் கூடாது.

இடைமறிப்பதும் புறக்கணிப்பதும் வேறு வேறு. ட்ராப் கட்டளைக்கு வெற்றுச் சரத்தை (எழுத்தே இல்லாத உரையை) கொடுத்தால் ஷெல் அந்தக் குறிகையைப் புறக்கணிக்கும். அங்கிருந்து தொடங்கும் நிரல்களுக்கும் அந்தப் புறக்கணிப்பு போய்ச் சேரும், அவை தாமாக மாற்றிக்கொண்டாலொழிய கன்ட்ரோல்-சிக்கு அசையாது. இடைமறிப்பு அப்படிப் பரவாது. புதிதாகத் தொடங்கும் நிரலில் குறிகை பழைய இயல்புக்குத் திரும்பிவிடும்.

நிரலை உடனே முடித்துவிடும் 9ஆம் எண் குறிகையின் பெயர் 'சிக்கில்' (SIGKILL). அதை இடைமறிக்கவும் முடியாது, புறக்கணிக்கவும் முடியாது. அது வந்தால் துப்புரவு செய்ய வாய்ப்பே கிடைக்காது. ஆகவே தற்காலிகக் கோப்பு உருவாக்கும் செருகுநிரல், அடுத்த முறை தொடங்கும்போது பழைய மிச்சம் ஏதும் கிடக்கிறதா என்று பார்த்து நீக்க வேண்டும்.