சதுரப் போர்வை சரிவகமாவது ஏன்?

குரோஷா ஊசியை முதன்முதலாகக் கையில் எடுக்கிறவர்கள் பலரும் குழந்தைப் போர்வையில்தான் ஆரம்பிக்கிறார்கள். சொந்தத்தில் ஒரு பிரசவம் வரும். ஸ்வெட்டர் மாதிரி தோள், கை என்று அளவெடுக்கும் வேலை கிடையாது; நேராகப் போய்த் திரும்பி வந்தால் போதும். இருபது வரிசை முடிந்ததும் விரித்துப் பார்த்தால் மேலே போகப் போகக் குறுகி, எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துச் சரிவகம் போல இருக்கும். சிலருக்கு நேர்மாறாக ஓரம் அலையலையாகச் சுருளும். 'நமக்குக் கை வரலை' என்று ஊசியை அலமாரியில் போட்டுவிடுவார்கள். கை நன்றாகத்தான் வந்திருக்கிறது, கணக்குதான் தப்பியிருக்கிறது.

முதலில் ஒரு கண்ணி எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். ஊசியில் ஏற்கெனவே ஒரு வளையம் இருக்கிறது. ஊசியை முந்தைய வரிசைக் கண்ணிக்குள் நுழைத்து, நூலைக் கொக்கியில் மாட்டி இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம். மறுபடி நூலை மாட்டி அந்த இரண்டுக்குள்ளும் இழுத்தால் மீண்டும் ஒன்றே ஒன்று. இதுதான் சிங்கிள் குரோஷே. அமெரிக்கப் பெயர் அது. பிரிட்டிஷ் புத்தகங்களில் இதையே டபுள் என்பார்கள், பேட்டர்ன் வாங்கும்போது அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி இரண்டு வைத்துப் பின்னும் நிட்டிங்கில் ஒரு வரிசை முழுக்க எல்லா வளையங்களும் ஊசியில் காத்துக்கொண்டிருக்கும். ஒன்று நழுவினால் அது கீழே பல வரிசைக்கு இறங்கிவிடும். குரோஷேயில் திறந்திருப்பது எப்போதும் ஒரே வளையம், மற்றதெல்லாம் பூட்டியாகிவிட்டது. பின்னல் நடுவே குழந்தை அழுதால் அந்த ஒரு வளையத்தை நீளமாக இழுத்து விட்டுவிட்டு எழுந்து போகலாம்.

சரி, பசையும் இல்லை, முடிச்சு என்று பார்த்தால் தொடக்கத்தில் ஒன்றுதான். பிறகு எது இந்தப் போர்வையைப் பிடித்துவைத்திருக்கிறது? உராய்வு. ஒரு கயிறு எதையாவது சுற்றி வளைந்து போகும்போது, அதன் இரு முனைகளிலும் உள்ள இழுவிசைகளின் விகிதம் சுற்றும் கோணத்தோடு அடுக்குக்குறியாக ஏறுகிறது. 18-ஆம் நூற்றாண்டிலேயே கணிதவியலாளர் ஆய்லர் ஆராய்ந்த விஷயம் இது. உராய்வுக் கெழு (இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண்) 0.3 என்று வைத்துக்கொண்டால், அரைச் சுற்றில் சுமார் இரண்டரை மடங்கு, ஒரு முழுச் சுற்றில் ஆறரை மடங்கு, இரண்டு சுற்றில் 40 மடங்குக்கும் மேல். பெரிய கப்பலின் வடத்தைத் தூணில் சில சுற்றுச் சுற்றிவிட்டு ஒரே ஆள் பிடித்துக்கொண்டு நிற்பது இதனால்தான். ஒவ்வொரு கண்ணியிலும் நூல் பக்கத்து நூலைச் சுற்றிப் பல தடவை வளைகிறது. ஒரு மூலையில் இழுத்தால் அந்த விசை சில கண்ணிகளுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் கடைசி வளையத்தைப் பிடித்து இழுத்தால் வந்த வழியே சரசரவென்று பிரியும். அங்கே எதிர்த்துப் பிடிக்க எதுவும் இல்லை.

பருத்தி நூல் ரப்பர் மாதிரி நீளாது. அதில் பின்னிய போர்வை மட்டும் இழுத்தால் நீள்கிறதே? நூல் நீள்வதில்லை, வளைவுகள்தான் நிமிர்கின்றன. விட்டதும் வளைவுகள் ஓரளவு பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. நூலின் இயல்பை விடக் கண்ணியின் வடிவம் துணியின் குணத்தை அதிகம் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெட்டா மட்சுமோட்டோ போன்ற இயற்பியலாளர்கள் பின்னலை ஒரு பொருளறிவியலாகவே எடுத்து ஆராய்கிறார்கள்.

இப்போது சரிவகத்துக்கு வருவோம். போர்வையின் அகலம் என்பது கண்ணிகளின் எண்ணிக்கையை ஒரு கண்ணியின் அகலத்தால் பெருக்கினால் வருவது, அவ்வளவுதான். எண்ணிக்கை மாறினால் அகலம் மாறும். மாறுகிற இடம் எது என்றால், பெரும்பாலும் வரிசை திரும்பும் ஓரம். டபுள் குரோஷே (இதுவும் அமெரிக்கப் பெயர்தான்) என்பது நூலை முதலில் ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்னும் உயரமான கண்ணி. அதில் திரும்பும்போது மூன்று செயின், அதாவது எதற்குள்ளும் நுழைக்காமல் ஊசியிலுள்ள வளையத்துக்குள் நூலை இழுத்துப் போடும் சங்கிலிக் கண்ணி, போட்டு உயரம் ஏறுகிறோம். அந்த மூன்று செயினையும் ஒரு கண்ணியாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். ஆகவே அதன் அடியிலுள்ள முதல் கண்ணியை விட்டுவிட்டு அடுத்ததில் தொடங்க வேண்டும். வரிசையின் கடைசியில் போன தடவை போட்ட மூன்று செயினின் உச்சியில் ஒன்று பின்ன வேண்டும். அந்த உச்சி ஒல்லியாக, ஒரு பக்கம் சாய்ந்து இருப்பதால் அது கண்ணி என்றே தெரியாது. அதை விட்டால் வரிசைக்கு ஒன்று குறையும். இருபது வரிசையில் இருபது கண்ணி போச்சு. விட வேண்டிய முதல் கண்ணியில் பின்னினால் வரிசைக்கு ஒன்று கூடும். வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் சேர்த்துச் செய்தால் கணக்கு சரியாக வந்துவிடும். செயினைக் கணக்கிலேயே சேர்க்காமல் அப்படியே பின்னுகிறவர்களும் உண்டு. எது வேண்டுமானாலும் செய்யலாம், பாதியில் மாற்றக் கூடாது. என்னைக் கேட்டால், முதல் போர்வைக்கு சிங்கிள் குரோஷேதான் நல்லது. திரும்பும்போது ஒரே செயின், அது கணக்கில் வராது, முதல் கண்ணியிலேயே தொடங்கலாம். ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஒரு ஊக்கு மாட்டி வையுங்கள். எண்ணும் தொல்லை பாதி குறையும். போர்வையைக் கொடுக்கும் முன் ஊக்குகளையும் எண்ணிக் கழற்றிவிடுங்கள்.

ஓரம் அலையடிப்பதன் காரணம் இன்னும் சுவாரசியமானது. நடுவிலிருந்து வட்டமாகப் பின்னும்போது சிங்கிள் குரோஷேயில் சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்டச் சொல்வார்கள். ஏன் ஆறு? ஒரு சுற்று முடிந்தால் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது, அப்போது சுற்றளவு அதைப் போல 2π மடங்கு, அதாவது சுமார் 6.28 மடங்கு கூட வேண்டும். சிங்கிள் குரோஷே கண்ணி ஏறக்குறையச் சதுரம். ஆகவே ஆறு கூட்டினால் தட்டையாகக் கிடக்கும். டபுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம், அதற்குப் பன்னிரண்டு. குறைவாகக் கூட்டினால் கிண்ணமாகும், தொப்பிகள் இப்படித்தான் பிறக்கின்றன. அதிகமாகக் கூட்டினால் இடம் போதாமல் விளிம்பு மேலும் கீழும் மடியும்.

அந்த மடிப்புக்குக் கணிதத்தில் ஒரு பெரிய இடம் உண்டு. அதிபரவளையத் தளம் என்ற, விளிம்பை நோக்கிப் போகப் போகப் பரப்பு மிஞ்சி மடிந்துகொண்டே போகும் வடிவத்தை மாணவர்களுக்குக் காட்டக் காகிதத்தை வெட்டி ஒட்டிய மாதிரிகள்தான் இருந்தன, தொட்டால் கிழிந்துவிடும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லாட்வியக் கணிதவியலாளர் டைனா டைமினா 1997-இல் குரோஷா ஊசியை எடுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு கண்ணி வீதம் விடாமல் கூட்டிக்கொண்டே போனார். கையில் வைத்து மடித்துப் பார்க்கக்கூடிய உறுதியான மாதிரி கிடைத்தது. பவளத்தின் மடிப்பும் இதே வடிவம்தான் என்பதைப் பார்த்து மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் சகோதரிகள் 2005-இல் லாஸ் ஏஞ்சலஸில் குரோஷேயால் பவளத்திட்டு பின்னத் தொடங்கினார்கள்.

போர்வைக்குப் பார்டர் போடும்போதும் இதே கணக்குதான். சதுரத்தைச் சுற்றி ஒரு சுற்றுப் போட்டால் பக்கம் ஒவ்வொன்றும் இரண்டு கண்ணி நீளும். நான்கு பக்கத்துக்கும் சேர்த்து எட்டு. மூலைக் கண்ணி ஒன்றில் மூன்று பின்னச் சொல்கிறார்களே, அதில் கூடுதல் இரண்டு. நான்கு மூலைக்கு எட்டு. பாட்டிமார் பை மதிப்பெல்லாம் தெரியாமலே இதைச் சரியாகச் செய்துவந்திருக்கிறார்கள்.

அடிப்பக்கம் மட்டும் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தால், தொடக்கச் செயின் இறுக்கமாகப் போயிருக்கிறது என்று பொருள். அதை மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியில் போடுங்கள், தீர்ந்தது.

நூலைத் தேர்ந்தெடுக்கும்போது வேறு ஒரு அறிவியல். போர்வையின் வெப்பத்தைக் காப்பது நூல் அல்ல, கண்ணிகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று. அசையாத காற்றின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு வெறும் 0.026 வாட்; எந்த இழையும் அதைவிட அதிகமாகக் கடத்தும். ஈரத்தைப் பொறுத்தவரை இழைகளுக்குள் நல்ல வித்தியாசம்: சாதாரணக் காற்றில் கம்பளி தன் எடையில் சுமார் 16 சதவீதமும், பருத்தி 8 சதவீதமும், அக்ரிலிக் 2 சதவீதத்துக்கும் குறைவாகவும் ஈரத்தை ஏற்கும். கடைகளில் உல்லன் நூல் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான், லேபிளைப் பாருங்கள். சென்னை வெயிலுக்குப் பருத்தியே போதும். கம்பளி வேண்டுமென்றால் மெல்லிய இழையாகப் பாருங்கள்: 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகளின் முனைகள்தான் தோலைக் குத்துகின்றன.

பிறந்த குழந்தைக்கு எடைக்கு மிஞ்சிய தோல்பரப்பு, அதனால் சீக்கிரம் குளிரும். பெரியவர்கள் மாதிரி நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் முடியாது, சூடு உண்டாக்கவென்றே உடலில் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கிறது. அதற்காகத் தூங்கும்போது போர்த்திவிடவும் கூடாது. ஒரு வயது வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் இருக்க வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். மடியில் இருக்கும்போதும், தள்ளுவண்டியில் நம் கண்முன்னே இருக்கும்போதும் பயன்படுத்தலாம். பூவேலை மாதிரிப் பெரிய ஓட்டைகள் படத்தில் அழகு. பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும், ஆகவே நெருக்கமான பின்னல்தான் சரி.

எவ்வளவு நூல் வாங்குவது? ஒரு சிறிய துண்டு பின்னி, அதில் பத்துக் கண்ணியைப் பிரித்து நூலை அளந்து பாருங்கள். 60 செ.மீ. வந்தால் கண்ணிக்கு 6 செ.மீ. அகலத்துக்கு 110 கண்ணி, 90 வரிசை என்றால் 9,900 கண்ணி, கிட்டத்தட்ட 600 மீட்டர். பார்டருக்கும் சேர்த்து ஒரு உருண்டை அதிகமாக, ஒரே சாயத் தொகுதி எண்ணில் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்கு லேபிளில் போடும் எண்) வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் அதே நிறம் கிடைக்காது.

கடைசியில் நுனி நூல். 15 செ.மீ.யாவது விட்டு வெட்டுங்கள். தையல் ஊசியில் கோத்து ஒரு திசையில் கண்ணிகளுக்குள் ஓட்டி, திரும்பி எதிர்த்திசையில், மறுபடி முதல் திசையில் ஓட்டுங்கள். திருப்பம் ஒவ்வொன்றும் ஆய்லரின் கோணத்தைக் கூட்டுகிறது. வழுக்கும் பருத்தி நூலுக்கு இன்னொரு திருப்பம் சேர்த்தால் வாஷிங் மெஷினில் போட்டாலும் பிரியாது.