விலங்கு மாதிரி: எந்த மாதிரி?

புது வண்டி வாங்கினால் 'எந்த மாடல்?' என்று கேட்கிறோம். துணிக்கடை விளம்பரத்தில் நிற்பவரும் மாடல்தான். லத்தீனில் 'மோடுஸ்' என்றால் அளவு. 'மோடுலுஸ்' சின்ன அளவு. அதுவே இத்தாலியில் 'மொதெல்லோ' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அப்புறம் நம்மிடம் வந்தது.

மருத்துவ ஆய்வில் 'அனிமல் மாடல்' என்றால், மனித நோயை அல்லது அதன் ஒரு பகுதியை உடலில் ஏற்றிவைத்த விலங்கு. தமிழில் 'விலங்கு மாதிரி' என்று எழுதுகிறார்கள். இதில்தான் குழப்பம். 'ரத்த மாதிரி' என்பது சாம்பிள், அதாவது ரத்தத்திலேயே கொஞ்சம். எலி அப்படி மனித நோயில் கிள்ளியெடுத்த துண்டு அல்ல. 'அவன் மாதிரி' என்று பேச்சில் சொல்கிறோமே, அந்த மாதிரி.

தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் ஏஎல்எஸ் நோயைப் பாருங்கள், ஸ்டீஃபன் ஹாக்கிங்கை முடக்கியது அதுதான். எஸ்ஓடி1 மரபணுப் பிழைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 1993இல் தெரிந்தது. 1994இல் அந்தப் பிழையுள்ள மனித மரபணுவைச் சுமக்கும் சுண்டெலி வந்துவிட்டது. அதன் ஆயுளை நீட்டியதாகச் சொல்லப்பட்ட மருந்துகள் பல, மனிதரிடம் வரிசையாகத் தோற்றன. அவற்றில் ஒன்றான மினோசைக்ளின் தோற்றதோடு நிற்கவில்லை. 2007இல் வெளியான முடிவின்படி, அதை உட்கொண்டவர்கள் மற்றவர்களைவிட வேகமாக நலிந்தார்கள்.

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் அப்போது இருந்த ஓர் ஆய்வு நிறுவனம் 70-க்கும் மேற்பட்ட மருந்துகளைச் சுமார் 18,000 எலிகளில் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டது. ஒன்றுகூட ஆயுளை நீட்டவில்லை, நோயாளிகளுக்கு ஏற்கெனவே தரப்பட்டுவந்த ரிலுசோல் உட்பட. அப்படியானால் முன்பு பலன் தெரிந்தது எப்படி? சில எலிகளில் அந்த மரபணுவின் நகல்கள் குறைந்துவிடும். அவை மருந்தே இல்லாமல் கூடுதல் நாள் வாழும். சின்னக் குழுவில் அப்படி இரண்டு மூன்று விழுந்தால் போதும், மருந்துக்குப் பேர் கிடைத்துவிடும்.

சரி, எலியை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. ஏஎல்எஸ் நோயாளிகள் 100 பேரில் ஏறக்குறைய 2 பேருக்குத்தான் எஸ்ஓடி1 பிழை. அந்த மரபணுவையே அடக்கும் டோஃபெர்சன் என்ற மருந்து எலியிலும் பலன் தந்தது, 2023இல் அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது. எலி அந்த 2 பேரைப் போன்றது. மீதி 98 பேருக்கும் நாம்தான் அதைச் சாட்சிக்கு இழுத்தோம்.

தமிழில் 'மாதிரியுரு', 'ஒப்புரு' என்றும் எழுதுகிறார்கள். 'போல்' என்பதிலிருந்து வந்த 'போல்மம்' எனக்குப் பிடித்தது. 'எஸ்ஓடி1 போல்மம்' என்று எழுதினால், எதைப் போன்றது என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. சாம்பிளுக்கு 'மாதிரி' இருக்கட்டும்.