துறைமுக கன்டெய்னர் லாரிகளுக்கு மின்சார வண்டி மானியம்: யாருக்கு, எவ்வளவு, என்ன நிபந்தனை?

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்காத வடசென்னைக்காரர் இருக்க மாட்டார். வண்டி நகராது, ஆனால் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் புகை காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் வீடுகளுக்குள் வருகிறது. நாட்டின் மொத்த வண்டிகளில் டீசல் லாரிகள் 3 சதவீதம்தான். போக்குவரத்தால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களிலோ 42 சதவீதம் அவற்றுடையது என்று மத்திய கனரகத் தொழில் அமைச்சகமே கணக்குச் சொல்கிறது.

இந்த லாரிகளை மின்சாரத்துக்கு மாற்றுவதற்கான உதவி, மின்சார வண்டிகளுக்கான மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் மானியத் திட்டத்தில் இருக்கிறது. 2024-இல் ரூ.10,900 கோடியில் தொடங்கிய இத்திட்டத்தில் லாரிகளுக்கு ரூ.500 கோடி. அதற்கான விதிமுறைகள் 2025 ஜூலையில் வந்தன. சுமார் 5,600 லாரிகளுக்கு மானியம் தருவது இலக்கு. அதில் 1,100 டெல்லிக்கு.

3.5 டன்னுக்கு மேல் 12 டன் வரை மொத்த எடை கொண்டவை என்2 வகை. அதற்கு மேல் 55 டன் வரை என்3. இரண்டுக்கும் மானியம் உண்டு. தொகை பேட்டரித் திறனையும் வண்டியின் எடைப் பிரிவையும் பொறுத்து மாறும், உச்சவரம்பு ரூ.9.6 லட்சம். டிரெய்லர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மானியம் முன்னால் இழுக்கும் டிராக்டருக்கு மட்டும்தான், பின்னால் வரும் டிரெய்லருக்குக் கிடையாது.

பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. வாங்கும்போதே விலையில் கழித்துக்கொள்வார்கள். அந்தத் தொகையை வண்டித் தயாரிப்பாளர் அரசின் இணையதளம் வழியாகத் திரும்பப் பெற்றுக்கொள்வார். முதலில் வருபவருக்கு முதலில். திட்டக் காலம் 2028 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் ஒதுக்கிய பணம் தீர்ந்தால் அதோடு முடிந்தது. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் பார்க்கும் மாடல் இத்திட்டத்தில் அனுமதி பெற்றதா என்று டீலரிடம் கேட்டுவிடுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் அடுத்தது. மானியம் வேண்டுமென்றால் பழைய டீசல் லாரி ஒன்று காயலான் கடைக்கு அல்ல, அரசு பதிவு பெற்ற உடைப்பு மையத்துக்குப் போயிருக்க வேண்டும். வண்டியை ஒப்படைத்ததற்கு அங்கே தரும் வைப்புச் சான்றிதழ் இல்லாமல் மானியம் இல்லை. இந்தச் சான்றிதழை விற்கவும் வாங்கவும் வழி இருக்கிறது. பத்து இருபது வண்டி ஓட்டுகிற கம்பெனிக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஒரே லாரியை வைத்துக் குடும்பம் நடத்துபவர் நிலைமை வேறு. சோறு போடும் வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டோ, சான்றிதழை விலைக்கு வாங்கியோ, டீசல் வண்டியைப்போல இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள வண்டிக்குக் கடன் தேட வேண்டும். பழைய வண்டி சாலையை விட்டுப் போக வேண்டும் என்ற நோக்கம் சரியானதே. ஆனால் ஒற்றை வண்டிக்காரருக்குக் குறைந்த வட்டிக் கடனும் கூடவே கிடைத்தால்தான் இந்த மானியம் அவர் கைக்கு எட்டும் என்பது என் உறுதியான கருத்து.

உத்தரவாதம் நன்றாகவே இருக்கிறது. பேட்டரிக்கு 5 ஆண்டு அல்லது 5 லட்சம் கிலோமீட்டர்; வண்டிக்கும் மோட்டாருக்கும் 5 ஆண்டு அல்லது 2.5 லட்சம் கிலோமீட்டர். எது முதலில் வருகிறதோ அதுவரை.

சரி, எந்த ஓட்டத்துக்கு இது ஒத்துவரும்? துறைமுகத்துக்கும் அருகிலுள்ள கன்டெய்னர் சரக்கு நிலையத்துக்கும் நடுவே போய்வரும் வண்டிகளுக்கு மிகவும் பொருத்தம். தூரம் குறைவு, பாதை மாறாது, ராத்திரி வண்டி தன் யார்டுக்கே திரும்பிவிடும். அங்கேயே சார்ஜ் போடலாம். வரிசையில் மணிக்கணக்கில் நின்றாலும் டீசலைப்போல எரிந்து வீணாவதில்லை. மும்பை அருகே நவசேவாவிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் 50 மின்சார கனரக லாரிகள் ஓடத் தொடங்கின. அங்கே பேட்டரியையே கழற்றி மாற்றும் வசதி உண்டு என்பதால் சார்ஜ் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீண்டதூர லோடு எடுப்பவர்கள் வழியில் கனரக வண்டிக்கான சார்ஜர் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

துறைமுகத்துக்குள்ளேயே நிற்கும் கிரேன், கன்டெய்னர் தூக்கும் ரீச் ஸ்டாக்கர் போன்றவை இந்த மானியத்தில் வராது. அவற்றுக்கு 2023-இல் கப்பல் துறை அமைச்சகம் வெளியிட்ட 'ஹரித் சாகர்' வழிகாட்டுதல் இருக்கிறது. துறைமுகக் கருவிகளிலும் வண்டிகளிலும் பாதிக்கு மேல் 2030-க்குள் மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்கிறது அது. 2047-க்குள் 90 சதவீதத்துக்கு மேல்.