பொக்கே: மங்கலிலும் நயம் உண்டு

பொக்கே (பெயர்ச்சொல்). ஜப்பானிய மொழியிலிருந்து வந்தது. ஒளிப்படத்தில் குவியத்துக்கு வெளியே விழும் பகுதி எப்படி மங்கித் தெரிகிறது என்பதைக் குறிக்கும். தமிழில்: மங்கல்நயம்.

பழைய மேனுவல் ஃபோகஸ் லென்ஸ் ஒன்றை மிரர்லெஸ் கேமராவில் மாட்டி முகப்படம் எடுக்கலாம் என்று தேடத் தொடங்குபவர் முதல் நாளே இந்தச் சொல்லைப் பார்த்துவிடுவார். சுழல் பொக்கே, சோப்புக்குமிழி பொக்கே, கிரீம் பொக்கே என்று லென்ஸுக்கு லென்ஸ் ஒரு அடைமொழி. பலர் இதை அளவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 'இந்த லென்ஸில் பொக்கே அதிகம்' என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பது வேறு, எவ்வளவு இனிமையாக இருக்கிறது என்பது வேறு. பொக்கே இரண்டாவதைச் சேர்ந்தது. லென்ஸ் தேர்வில் இந்த வேறுபாடு தெரியாமல் போனால் ஒளி புகும் துளையின் அகலத்தைச் சொல்லும் எஃப் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடுவோம்.

ஜப்பானிய மொழியில் 'பொகெரு' என்றால் மங்குதல், விளிம்பு கலைந்து தெரிதல். அதே ஒலிப்புள்ள வினை, முதுமையில் புத்தி தடுமாறுவதையும் குறிக்கும். தூக்கக் கலக்கம் 'நெபொகெ'. நெடுந்தூர விமானப் பயணத்துக்குப் பிறகு வரும் மந்தம் 'ஜிசபொகெ'. அவர்களுடைய 'மன்சாய்' என்ற இரட்டையர் நகைச்சுவையில் அசட்டுத்தனமாகப் பேசுகிறவருக்குப் பெயரே பொகெதான். கண்ணுக்குத் தெரியும் மங்கலையும் அறிவின் மந்தத்தையும் ஒரே ஒலியால் சொல்வது தமிழருக்குப் புதிதல்ல. 'கண்ணு மசமசன்னு தெரியுது' என்கிறோம். 'மசமசன்னு நிக்காதே' என்றும் சொல்கிறோம்.

அங்கே ஒளிப்படக்காரர்கள் இரண்டு சொற்களைப் பிரித்து ஆள்கிறார்கள். குவியம் தவறிப் படம் கெட்டுப்போனால் அது 'பின்பொகெ', பிழை. வேண்டுமென்றே விட்ட மங்கலின் அழகைச் சொல்ல 'பொகெ-அஜி'. அஜி என்றால் சுவை. உலகம் முழுவதும் இன்று பொக்கே என்று சொல்லும்போது மனத்தில் இருப்பது இந்தச் சுவைதான். சொல் பயணத்தில் அஜி உதிர்ந்துவிட்டது, அதன் பொருள் மட்டும் தங்கிவிட்டது. அளவா தன்மையா என்ற குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆங்கில வாசகர்களிடம் இதைப் பரப்பியது 'போட்டோ டெக்னிக்ஸ்' என்ற அமெரிக்க இதழ். அதன் ஆசிரியர் மைக் ஜான்ஸ்டன் 1997-இல் இதைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். ஆங்கிலத்தில் boke என்று நான்கு எழுத்தில் எழுதினால் கடைசி உயிரை விழுங்கி 'போக்' என்று வாசித்துவிடுவார்கள் என்பதால் இறுதியில் ஒரு 'எச்' சேர்த்தவரும் அவரே. தமிழில் நமக்கு வேறு சிக்கல். இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றைக் ககரம் வந்தால் அது மென்மையாகிவிடும். வல்லோசை நிற்க வேண்டுமானால் 'க்க' என்று இரட்டிக்கத்தான் வேண்டும். ஆகவே பொக்கே என்ற எழுத்துமுறை சரி. ஆனால் பிரெஞ்சு வழியாக வந்த பூங்கொத்துக்கும் தமிழில் பொக்கே என்றே எழுதுகிறோம். 'பொக்கேயுடன் ஒரு மணப்பெண் படம்' என்றால் பூவா, மங்கலா? சொல்பவரைத்தான் கேட்க வேண்டும். தனித் தமிழ்ச் சொல் தேவை என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

சரி, மங்கலுக்குத் தன்மை எங்கிருந்து வருகிறது? தூரத்தில் ஒரு சிறு விளக்கு. அது குவியத்தில் இல்லாவிட்டால் புள்ளியாக விழாமல் வட்டமாக விரியும். அந்த வட்டத்துக்குள் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பாருங்கள். நடுவில் நிறைந்து ஓரத்தில் கரைந்தால் அடுத்தடுத்த வட்டங்கள் ஒன்றோடொன்று குழைந்து பின்னணி மெத்தென்று இருக்கும். ஓரத்தில் வெளிச்சம் கூடிப் பளிச்சென்று வளையம் கட்டினால் ஒவ்வொரு வட்டமும் தனித்தனியாக முறைத்துக்கொண்டு நிற்கும். மெல்லிய சுள்ளி இரண்டு கோடாகத் தெரியும். இந்த இரட்டைக்கோட்டுக்கும் ஜப்பானியர் 'நிசென் பொகெ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் பெரும்பாலும் முடிவுசெய்வது கோளப் பிறழ்ச்சியை (வில்லையின் நடுவிலும் ஓரத்திலும் புகும் கதிர்கள் ஒரே இடத்தில் குவியாத குறையை) லென்ஸை வடிவமைத்தவர் எந்த அளவுக்குத் திருத்தினார் என்பது. கொஞ்சம் குறைவாகத் திருத்தியிருந்தால் பின்னணி குழையும், அதிகமாகத் திருத்தியிருந்தால் வளையம் கட்டும்.

பழைய லென்ஸ்களின் ஈர்ப்பே இங்கேதான் இருக்கிறது. இன்றைய லென்ஸ்களில் பிறழ்ச்சிகளைக் கூடியவரை துடைத்துவிடுகிறார்கள்; பழையவற்றில் அவை தங்கி, அந்தந்த லென்ஸின் குணமாகிவிட்டன. மேயர் ட்ரயோப்ளான் 100 மி.மீ. எஃப் 2.8, மூன்றே வில்லைகள் கொண்டது. ஒளிப்புள்ளிகளை வளையம் கட்டிய குமிழிகளாக ஆக்கும். பனித்துளிக்கும் பூவுக்கும் பிரமாதம். முகத்துக்குப் பின்னால் அத்தனை குமிழிகள் இருந்தால் பார்ப்பவர் கண் முகத்தில் நிற்காது.

ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப் 2, சோவியத் தயாரிப்பு. ஜெர்மனியின் ட்சைஸ் பயோட்டார் வடிவத்தைப் பின்பற்றியது. ஏராளமாகச் செய்யப்பட்டதால் இன்றும் எளிதில் கிடைக்கிறது. இதன் பெயரைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது சுழல். படத்தின் ஓரத்துக்குச் சாய்வாக வரும் ஒளியை லென்ஸின் குழல் விளிம்பு வெட்டிவிடுவதால் ஓரத்து வட்டங்கள் பூனைக்கண் வடிவில் நசுங்கும். அவை நடுவைச் சுற்றி வரிசையாகத் திரும்பி நிற்பதால் பின்னணி முகத்தைச் சுற்றிச் சுழல்வதுபோல் இருக்கும். வில்லைகளின் புலவளைவும் (குவியும் தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பது) இதற்குத் துணை செய்கிறது. வெறும் சுவரின் முன்னால் நின்றால் ஒரு சுழலும் வராது. ஒளி புகும் துளையை (அபெர்ச்சர்) முழுதாகத் திறந்து வைத்து, முகத்தை இரண்டு மீட்டருக்குள்ளும், இலைகளுக்கிடையே வானம் துண்டுதுண்டாகத் தெரியும் ஒரு மரத்தைச் சில மீட்டர் பின்னாலும் வைத்துப் பாருங்கள். இன்னொன்று: ஏபிஎஸ்-சி என்ற சிறிய உணரி (சென்சர்) உள்ள கேமராவில் இது, முழுச்சட்டக் கேமராவில் ஏறத்தாழ 87 மி.மீ. லென்ஸ் காட்டும் கோணத்தைத் தரும். முகப்படத்துக்கு அருமையான கோணம், ஆனால் சுழல் இருக்கும் ஓரம் வெட்டுப்பட்டுப் போகும். சுழலுக்காகவே வாங்குபவர்கள் முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) உணரி வைத்திருப்பது நல்லது.

ஜூப்பிட்டர்-9, 85 மி.மீ. எஃப் 2. ட்சைஸ் சோனாரின் வழி வந்தது. 15 தகடுகள் கொண்ட துளை. முகப்படத்துக்கு ஒரே ஒரு பழைய லென்ஸ் என்றால் என் தேர்வு இதுதான். துளையைச் சுருக்கினாலும் வட்டம் வட்டமாகவே நிற்கும், முழுதாகத் திறந்தால் தோலின் மேல் ஒரு மென்மை படரும். தகடுகளை எண்ணிப் பார்த்து வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: முழுதாகத் திறந்த நிலையில் தகடுகள் ஒதுங்கிவிடும், அப்போது ஐந்தும் ஒன்றுதான் பதினைந்தும் ஒன்றுதான்.

மங்கலின் அளவு என்பது தனிக் கணக்கு. குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது துளையின் விட்டம். 50 மி.மீ. எஃப் 1.4-க்கு 36 மி.மீ. அளவில், 135 மி.மீ. எஃப் 2.8-க்கு 48 மி.மீ. முகம் சட்டத்தில் ஒரே அளவு இருக்கும்படி எடுத்தால், வெகு தூரத்துப் பின்னணியை அதிகம் மங்கவைப்பது 135-தான்.

மிரர்லெஸ் கேமராவில் இந்த லென்ஸ்கள் எளிதாகப் பொருந்துவதற்குக் காரணம் இடைவெளி. எம்42 என்ற பழைய திருகு வகை லென்ஸ் தன் மாட்டுமிடத்துக்கும் உணரிக்கும் நடுவே 45.46 மி.மீ. கேட்கிறது. மிரர்லெஸ் மாட்டு வகைகளான சோனி ஈ-யில் அது 18, நிக்கான் இசட்டில் 16, கேனன் ஆர்எஃப்-இல் 20. மிச்சத்தை நிரப்ப கண்ணாடி இல்லாத வெற்றுக் குழல் அடாப்டரே போதும். 42 மி.மீ. கேட்கும் பழைய கேனன் எஃப்டி லென்ஸ்கள், 44 மி.மீ. இடைவெளி உள்ள கேனனின் இஎஃப் வகை டிஎஸ்எல்ஆர் கேமராவில் இடையே ஒரு கண்ணாடி இல்லாமல் தொலைவைக் குவிக்க முடியாமல் கிடந்தன. மிரர்லெஸ் வந்த பிறகுதான் அவற்றுக்கு மறுவாழ்வு. மாட்டியதும் மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கு' என்பதை இயக்குங்கள். உடலிலேயே நடுக்கத்தடுப்பு இருந்தால் குவியத்தூரத்தைக் கையால் பதியுங்கள். 85 மி.மீ. எஃப் 2-இல் இரண்டு மீட்டர் தொலைவு முகத்தில் தெளிவு நிற்கும் ஆழம் ஆறேழு செ.மீ.தான். வண்ணக்கோடு காட்டும் ஃபோகஸ் பீக்கிங் புருவத்தையும் இமையையும் சேர்த்தே மினுக்கிவிடும். காட்சியைப் பெரிதாக்கிக் கருவிழியில் குவியுங்கள்.

வாங்கும்போது ஒரு டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். பூஞ்சை, உள்மூட்டம், வில்லைகள் ஒட்டுவிட்டு விலகியிருப்பது எல்லாம் தெரியும். முன்வில்லையில் மெல்லிய கீறல் பெரிதாகப் பாதிக்காது. உள்ளே உள்ள பூஞ்சையும் தூசும் மங்கல் வட்டங்களுக்குள் புள்ளியாகவும் நூலாகவும் வந்து நிற்கக்கூடும்.

இனி தமிழ்ச் சொல். 'பின்புல மங்கல்' என்று எழுதினால், முகத்துக்கு முன்னால் வரும் இலையின் மங்கல் விடுபட்டுப் போகிறது. அதையும் ஜப்பானியர் 'மாயெபொகெ' என்று சேர்த்தே கணக்கில் வைத்திருக்கிறார்கள். 'தெளிவின்மை' குறையைச் சொல்கிறது, 'கலங்கல்' தண்ணீருக்கு உரியது. 'குழைவு' அழகான சொல்தான், ஆனால் குழையாத பொக்கேயும் உண்டே! அஜிக்கு ஈடாகத் தமிழில் ஏற்கெனவே நயம் இருக்கிறது. கவிதைக்கும் சொல்கிறோம், சரக்குக்கும் சொல்கிறோம். இரண்டிலும் அது தரத்தையே குறிக்கிறது, அளவை ஒருபோதும் அல்ல. ஆகவே மங்கல்நயம். 'மங்கல்நயம் அதிகம்' என்று எழுதப் போனால் எழுதுகிறவருக்கே இடறும். நல்ல மங்கல்நயம், முரட்டு மங்கல்நயம், சுழல் மங்கல், குமிழி மங்கல், இரட்டைக்கோட்டு மங்கல், முன்மங்கல், பின்மங்கல் என்று குடும்பம் முழுவதும் இதிலிருந்தே விரியும். வாக்கியத்தில் இப்படி வரும்: 'ஜூப்பிட்டரின் மங்கல்நயம் எஃப் 4-லும் கெடவில்லை.' 'ஹீலியோஸில் சுழல் மங்கல் வேண்டுமானால் முகத்தை நடுவில் வை.'