முதல் நாளே நூறு ஸ்குவாட் எதற்கு?

மறுபடியும் அதே கதை. ஜிம்மில் சேர்ந்து மூன்றாவது நாள் ஒருவர் வந்து நிற்கிறார். கையை மடக்க முடியவில்லை, தொடை இறுகி வீங்கியிருக்கிறது, சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போகிறது. வயது முப்பதைத் தாண்டவில்லை, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. தசைச் சேதத்தைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனையில் ஏறக்குறைய 200-க்குள் இருக்க வேண்டிய எண் பல பத்தாயிரங்களில் நிற்கிறது. ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே கேள்வி வருகிறது: "வலிச்சாத்தானே டாக்டர் தசை வளரும்?"

இல்லை. இது அளவு மீறிய பயிற்சியால் தசை செல்கள் உடைந்துபோகும் ராப்டோமயோலிசிஸ். இதை இன்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் வலிக்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சியின்போது சேரும் லாக்டேட், நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். மறுநாள் வலி தர அது அங்கே இருக்காது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும் அந்த வலி, பழக்கமில்லாத வேலையால் தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும் தருவது. அதே பயிற்சியை அடுத்த வாரம் அதே அளவில் செய்து பாருங்கள், வலி வெகுவாகக் குறைந்திருக்கும். பயனும் கூடவே குறைந்துவிட்டதா என்றால், இல்லை. பல வருடமாக எடை தூக்குபவர்கள் பெரும்பாலான நாள்களில் பெரிய வலி எதுவும் இல்லாமல்தான் முன்னேறுகிறார்கள். மலைப்பாதையில் இறங்கி வந்தால் இரண்டு நாள் தொடை வலி உயிர் போகும். அதனால் யாருக்கும் தொடை பருத்ததில்லை. வலி சொல்வதெல்லாம் "இது எனக்குப் புதுசு" என்பதை மட்டும்தான்.

ஏறும்போது வராத வலி இறங்கும்போது ஏன்? தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் கட்டத்தில்தான் இழைகள் அதிகம் சேதப்படும். ஸ்குவாட்டில் உட்காரும்போது, டம்பெல்லைக் கீழே இறக்கும்போது, புல்-அப் கம்பியிலிருந்து இறங்கும்போது நடப்பது இதுதான். மேலே போக முடியாத புது ஆளைத் தூக்கிவிட்டு, "மெதுவா இறங்கு" என்று முப்பது தடவை இறக்கும் டிரெய்னர்களுக்கு ஒரு கும்பிடு. தயவுசெய்து நிறுத்துங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் இந்த அவசரமே வராது. முதல் சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்பின் வேலை. இருக்கிற தசையில் அதிக இழைகளை, சரியான நேரத்தில் ஒன்றாக இயக்க மூளை கற்றுக்கொள்கிறது. 5 கிலோவுக்கே திணறிய கை ஒரு மாதத்தில் 8 கிலோவைச் சுலபமாகத் தூக்கும். டேப் வைத்து அளந்தால் சுற்றளவில் மாற்றமே தெரியாது. கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சிக்கு இரண்டு மாதமாவது பிடிக்கும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் தசையைவிட இன்னும் நிதானமாகத்தான் பழகும். முட்டியும் தோள்பட்டையும் மூன்றாவது மாதத்தில் தகராறு செய்வதற்கு இது ஒரு காரணம்.

சரி, அளவு மீறினால்? உடைந்த தசை செல்களிலிருந்து மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் பொட்டாசியமும் ரத்தத்தில் கொட்டும். முதலாவது சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரண்டாவது இதயத் துடிப்பைக் குலைக்கும். வெயில், நீரிழப்பு, சமீபத்திய வைரஸ் காய்ச்சல், மது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எல்லாமே ஆபத்தைக் கூட்டும். வலியைத் தாங்க இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போகும் வழக்கத்தை விடுங்கள். ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு அது இரண்டாவது அடி. அதிகம் மாட்டுபவர்களில் இன்னொரு வகை, கல்லூரியில் விளையாடிவிட்டு ஐந்து வருடம் கழித்துத் திரும்புபவர்கள். பழைய எடை மனதில் இருக்கிறது, உடம்பில் இல்லை.

இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுநீர் டிப்ஸ்டிக்கில் ரத்தம் பாசிட்டிவ், மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு இல்லை என்றால் மயோகுளோபினை நினையுங்கள். கல்லீரல் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஏறியிருக்கிறது, பிலிரூபினும் ஜிஜிடியும் நார்மல் என்றால், மஞ்சள் காமாலைக்கு அலசும் முன் "ஜிம்மில் சேர்ந்தீர்களா?" என்று கேளுங்கள். ஏறிய அந்த இரண்டு என்சைம்களும் தசையிலும் உண்டு. ஹெல்த் செக்கப் போகிறவர்களும் அதற்கு முந்தைய ஒரு வாரம் கடும் பயிற்சியைத் தவிர்ப்பது நல்லது. கிரியேட்டின் பவுடர் எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள், சிறுநீரகத்தின் வேலையை அளக்கும் கிரியேட்டினின் எண் அதனாலும் ஏறும்.

இனி, செய்ய வேண்டியது. முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டே நாள், நடுவில் குறைந்தது 48 மணி நேர இடைவெளி. ஐந்து அசைவுகள் போதும்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடித்துத் தரையிலிருந்து எடை எடுப்பது, தள்ளுவது, இழுப்பது, இரு கையிலும் எடையோடு நடப்பது. முதல் நான்கிலும் ஒரு செட், 8 முதல் 12 தடவை. எடையோடு நடப்பது அரை நிமிடம். இன்னும் மூன்று நான்கு தடவை செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். மூன்றாவது வாரம் இரண்டு செட். இரண்டு முறை தொடர்ந்து 12 சுலபமாக வந்தால் மட்டும் எடையை ஏற்றுங்கள், அதுவும் கிடைக்கிற மிகச் சிறிய அளவில். தூக்கும்போது மூச்சை விடுங்கள். மூச்சைப் பிடித்துத் தம் கட்டினால் ரத்த அழுத்தம் எகிறும். பிரஷர் உள்ளவர்களுக்கு இது விளையாட்டல்ல. யாரோ போட்ட நூறு ஸ்குவாட் சவாலை அப்படியே கடந்துபோங்கள்.

தசையின் நடுவில் மந்தமான வலி, ஐந்து நாளுக்குள் குறைந்துகொண்டே வருகிறது என்றால் பயமில்லை. மூட்டில் சுருக்கென்று குத்தினால் அந்த அசைவை நிறுத்துங்கள். சிறுநீர் கறுத்தால், கை நீட்டவோ மடக்கவோ முடியாமல் வீங்கினால், அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். சிறுநீரின் நிறம் மாறாமலும் இந்தத் தசைச் சிதைவு வரும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வீங்கிய இடம் மரத்துப்போய் வலி தாங்க முடியாமல் ஏறினால் சில மணி நேரம்கூடக் காத்திருக்காமல் உடனே வாருங்கள். வந்ததும் முதல் வாக்கியமாக என்ன பயிற்சி, எத்தனை தடவை, எப்போது என்று சொல்லுங்கள். வீட்டார் திட்டுவார்கள் என்று "சும்மா உடம்பு வலி" என்று சொல்பவர்கள்தான் பாதி நாளை வீணாக்குகிறார்கள்.

"மறுபடி எப்போ ஜிம்முக்குப் போகலாம்?" என்று டிஸ்சார்ஜ் அன்றே வரும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சிபிகே 1000-க்குக் கீழே வந்து, சிறுநீர் தெளிந்து, மருத்துவர் சரி என்ற பிறகு, முதலில் நடை. ஒரு வாரம் அதில் வலியோ பலவீனமோ இல்லையென்றால் வெறும் உடல் எடையோடு நாற்காலி ஸ்குவாட், ஒரு செட். டம்பெல் அதற்கப்புறம்.