கை தூக்குவது வேறு, கையெழுத்து வேறு: ஐ.எல்.ஓ. உடன்படிக்கையை நம்பிப் போகும் முன்

வீட்டு வேலை செய்யும் ஒரு அக்கா, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 189-ஆம் உடன்படிக்கையை அச்செடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். 2011-இல் நிறைவேறியது அது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று அதில் இருக்கிறது. "நம் நாட்டுக்கு இது செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் எந்தச் சட்டம் செல்லும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம்.

பின்னணி சுருக்கமாக: ஐ.எல்.ஓ. 1919-இல் தொடங்கியது, 187 நாடுகள் உறுப்பினர்கள். ஆண்டு மாநாட்டுக்கு ஒவ்வொரு நாடும் நான்கு பிரதிநிதிகளை அனுப்பும்: அரசுக்கு இருவர், முதலாளிகளுக்கு ஒருவர், தொழிலாளர்களுக்கு ஒருவர். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தால் உடன்படிக்கை நிறைவேறும்.

மாநாட்டில் உங்கள் அரசு ஆதரித்து வாக்களித்திருந்தாலும் அது நாட்டைக் கட்டுப்படுத்தாது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 12 மாதத்துக்குள், தவறினால் 18 மாதத்துக்குள், உடன்படிக்கையைச் சட்டம் இயற்றும் அவையின் முன் வைக்க வேண்டும், உடனடிக் கடமை அவ்வளவுதான். அதன்பின் அரசு முறைப்படி ஏற்புறுதி (இதற்குக் கட்டுப்படுகிறோம் என்ற ஒப்புதல்) அளித்தால்தான் கட்டுப்பாடு வரும். அதுவும் பெரும்பாலும் ஏற்புறுதி பதிவாகி ஓராண்டு கழித்துத்தான். 'பரிந்துரை' என்று தலைப்பிட்ட ஆவணமாக இருந்தால் ஏற்புறுதி என்ற பேச்சே இல்லை.

அதனால் அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் ஐ.எல்.ஓ.வின் நார்ம்லெக்ஸ் தளத்தில் உங்கள் நாட்டின் பக்கத்தைத் திறந்து, ஏற்புறுதி தேதியைப் பாருங்கள். அந்த உடன்படிக்கையிலிருந்து சில பிரிவுத் தொழிலாளர்களை விலக்கி வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

"ஏற்புறுதி இல்லை, புகாரே கொடுக்க முடியாது" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். சங்கம் வைக்கும் உரிமை, கூட்டுப் பேரம் (87, 98-ஆம் உடன்படிக்கைகள்) பற்றிய புகாரை, நாடு ஏற்புறுதி தராவிட்டாலும் ஐ.எல்.ஓ.வின் சங்க உரிமைக் குழு விசாரிக்கும். 1951 முதல் இதுதான் நடைமுறை.

அடுத்த சிக்கல், தனி ஆள் எழுதும் கடிதம். எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அது புகாராகப் பதிவாகாது. தொழிற்சங்கம் எழுத வேண்டும். நாடு ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையை மீறியதாக முறையீடு செய்தால், ஐ.எல்.ஓ. சாசனத்தின் 24-ஆம் பிரிவை அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். எந்த உடன்படிக்கை, எந்த வகையில் மீறல் என்பதும் வேண்டும். "எங்களுக்கு அநியாயம் நடக்கிறது" என்று மட்டும் எழுதினால் முறையீடாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு, சங்கங்களே இதை மறந்துவிடுகின்றன. ஏற்ற உடன்படிக்கைகள் பற்றி அரசு ஐ.எல்.ஓ.வுக்கு அறிக்கை தர வேண்டும்: அடிப்படையானவற்றுக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை, மற்ற பெரும்பாலானவற்றுக்கு 6 ஆண்டுக்கு ஒருமுறை. அதன் நகல் தொழிலாளர் அமைப்புகளுக்கும் வர வேண்டும். வரவில்லையா? எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். சங்கத்தின் கருத்தை செப்டம்பர் 1-க்குள் நேரடியாக ஐ.எல்.ஓ.வுக்கு அனுப்பலாம், நிபுணர் குழு அதைப் பார்க்கும்.

பாக்கிச் சம்பளமோ போன வேலையோ ஐ.எல்.ஓ. தலைமையகம் இருக்கும் ஜெனீவாவிலிருந்து திரும்பி வராது. அங்கிருந்து வருவது அரசுக்கான பரிந்துரைதான். அதை நம்பி உள்ளூர் வழக்கை விட்டுவிடாதீர்கள். இங்கே காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கும். வழக்கைத் தவறவிட்டு ஜெனீவாவின் பதிலுக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், புகார் பதிலுக்காக உங்கள் அரசுக்கே அனுப்பப்படும். வேலையில் இருப்பவர்களின் பெயரை அவர்களைக் கேட்காமல் அதில் எழுதாதீர்கள்.